கரும்பலகையில் கடைசியாக வந்த படம்

கொழும்பில் எமது கல்லூரியின் உயர்தர உயிரியல் வகுப்பில் இருந்தவர்களுக்கு லக் ஒபரோன், அதாவது பற்றீரியாவில் லக்ரோசு எனும் பால் வெல்லத்தை (சீனியை) உடைப்பதற்கான பரம்பரையலகுகளின் (ஜீன்களின்) தொகுதி, பற்றிய பாடம் மறந்திருக்காது. வெள்ளவத்தை ரியூஷன் வகுப்புகளில் அதன் வரிப்படத்தை நிறந்தீட்டி மனனஞ் செய்து வந்திருந்த எங்களுக்கு, ஆசிரியர் படத்தைக் கடைசிவரை வரையாமல் வைத்திருந்தது முதலில் எரிச்சலாகவே இருந்தது.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: ஈ. கோலி பற்றீரியா, லக்ரோசு கிடைக்காதவரை அதனை உடைக்கும் பீற்றா கலக்ரோசிடேசு நொதியத்தை அநேகமாக ஆக்குவதில்லை. லக்ரோசு வந்ததும் ஆக்கத் தொடங்குகின்றது. அப்படியாயின் வெல்லம் பரம்பரையலகைத் தூண்டுகின்றதா, அல்லது ஏற்கெனவே உள்ள தடையை நீக்குகின்றதா?

விடைக்காக அவர் பார்டீ, ஜாக்கோப், மொனோ ஆகிய ஆய்வாளர் மூவரும் பாரிசில் செய்து 1959 இல் வெளியிட்ட பரிசோதனைக்கு எங்களை அழைத்துச் சென்றார். நொதியத்துக்கான பரம்பரையலகும் அதனைக் கட்டுப்படுத்தும் பரம்பரையலகும் பழுதான கலத்தினுள், இரண்டும் நல்ல நிலையிலுள்ள டிஎன்ஏ இன்னொரு கலத்திலிருந்து செலுத்தப்பட்டது. தூண்டும் வெல்லம் எதுவும் இல்லாமலே நொதியம் உடனே உருவாகத் தொடங்கி, சிறிது நேரத்தின் பின் நின்றுபோனது. பெறும் கலத்தின் குழியவுருவில் தடுக்கும் பொருள் இல்லாதிருந்ததும், புதிதாக நுழைந்த பரம்பரையலகு அதனைப் படிப்படியாக ஆக்கி நிரப்பியதுமே இதற்குக் காரணம் என்பதை அவர் எங்கள் வாயிலிருந்தே வரவழைத்தார். வெல்லம் செய்வது தடைநீக்கம் மட்டுமே.

அந்தத் தடைப்பொருள் ஆர்என்ஏ ஆக இருக்கலாம் என ஜாக்கோப்பும் மொனோவும் 1961 இல் கருதினர். 1966 இல் கில்பேர்ட்டும் முல்லர்-ஹில்லும் அதனைப் பிரித்தெடுத்து, புரதமே என நிறுவினர். ஒவ்வொன்றும் 360 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு சங்கிலிகளாலான இந்த அடக்கிப் புரதம் ஒரு கலத்தில் ஏறத்தாழ பத்து மூலக்கூறுகளே உண்டு. லக்ரோசிலிருந்து அதே நொதியம் ஆக்கும் அலோலக்ரோசு எனும் வெல்லம் வந்து பிணையும்போது அதன் வடிவம் மாறி, பரம்பரையலகுகளைத் தடுத்து நின்ற டிஎன்ஏ மீதான பிடி தளர்கின்றது.

பின்வரிசை நண்பன் ஒருவன் எழுந்து, லக்ரோசை உள்ளே கொண்டுவரும் பேர்மியேசும் இதே ஒபரோனில்தானே, அலோலக்ரோசை ஆக்குவதும் அந்த நொதியம்தானே, முதலாவது லக்ரோசு மூலக்கூறு எப்படி நுழையும் என்று கேட்டான். ஹர்த்தால் நாளில் காலி வீதிக் கடைகள் ஷட்டரை முழுதாக இறக்காமல் வைத்திருப்பதுபோல, அடக்கிப் புரதமும் இடையிடையே விலகுவதால் இவ்விரு புரதங்களின் சில மூலக்கூறுகள் எப்போதும் கசிந்து உருவாகின்றன என ஆசிரியர் விளக்கினார். எங்கள் பாடநூல் அதனைச் சொல்லவில்லை. குளுக்கோசு இருக்கும்போது பேர்மியேசு தடுக்கப்பட்டு லக்ரோசு உள்ளே வராது என்பதையும் அது விட்டுவிட்டு, ஒபரோனை இயக்க உதவும் சைகை மூலக்கூறான சக்கர ஏஎம்பி குறைவதை மட்டுமே கூறியது.

புலம்பெயர்ந்து ஆய்வுகூடத்தில் பணியாற்றியபோது இதனைக் கண்ணாலும் கண்டேன். அடக்கிப் புரதத்தை இழந்த விகாரிக் கலங்களுக்கு இந்த நொதியம் உடைத்தால் மஞ்சளாகும் நிறமற்ற ஓஎன்பிஜி எனும் பொருளின் கரைசலைச் சேர்த்ததும், லக்ரோசு சிறிதும் இல்லாதபோதே குழாய் மஞ்சளாகும். சோடியம் காபனேற்றுச் சேர்த்தால் தாக்கம் நின்று, நிறம் மேலும் அடர்த்தியாகும்.

அரபினோசு எனும் இன்னொரு வெல்லத்தை உடைக்கும் ஒபரோனில் கதை வேறு. அங்கு ஏஆர்ஏசி (AraC) எனும் கட்டுப்படுத்தும் புரதம் வெல்லமில்லாதபோது டிஎன்ஏயை வளைத்து அடக்குகின்றது. வெல்லம் வந்ததும் அதே புரதமே தூண்டியாகின்றது. ஆகவே அதை இழந்த கலம் நொதியத்தை ஓயாது ஆக்குவதற்குப் பதிலாக, ஆக்கவே முடியாமற் போகின்றது.