பல ஊர், பல வேலை, பிறகு கோச்சிங்: முதல் நூறு மணி நேரம்

பத்துப் பதினைந்து வருடம் கப்பலிலோ வளைகுடாவிலோ மருந்துக் கம்பெனி விற்பனையிலோ சுற்றிவிட்டு, ‘இவ்வளவு பார்த்தாச்சு, இனி நாலு பேருக்கு வழி சொல்லலாம்’ என்று லைஃப் கோச்சிங் பக்கம் வருகிறவர்கள் நிறைய. அவர்கள் வர வேண்டும். ஆனால் பயிற்சியில் முதல் மூன்று மாதம் அதிகம் திணறுவதும் அவர்கள்தான். கோச்சிங்கில் வழி சொல்லக் கூடாது. எதிரே இருப்பவர் தன் வழியைத் தானே கண்டுபிடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். உலகம் சுற்றியவருக்கோ பதில் நாக்கு நுனியிலேயே நிற்கும். அதை விழுங்கப் பழகுவதற்குத்தான் இந்தப் பாதையில் பெரும்பகுதி நேரம் போகிறது.

இந்தத் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர்களும் வேறு வேலைகளிலிருந்து வந்தவர்களே. டிமோதி கால்வே டென்னிஸ் கற்றுக்கொடுத்தவர். மட்டையை இப்படிப் பிடி, காலை அப்படி வை என்று சொல்வதைக் குறைத்து, வரும் பந்தின் தையலைக் கவனிக்கச் சொன்னார். மாணவர்களின் ஆட்டம் தானாகவே திருந்துவதைப் பார்த்தார். ஜான் விட்மோர் 1961-ல் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன். பிறகு கால்வேயின் முறையை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார். 1995-ல் அமெரிக்காவில் சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பை (ஐசிஎஃப்) தொடங்கிய தாமஸ் லியோனார்ட் அதற்குமுன் மக்களின் பணக் கணக்கைத் திட்டமிட்டுக் கொடுத்தவர். பழைய வேலையிலிருந்து இவர்கள் எடுத்து வந்தது கவனிக்கும் பழக்கத்தை. புதிதாக வருகிறவரும் தன் வேலைகளில் தேட வேண்டியது அதைத்தான்.

இந்தியாவில் லைஃப் கோச் ஆக அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனாலேயே ஏதாவது ஓர் அமைப்பின் சான்றுக்குள் வருவது நல்லது. உங்களிடம் வருபவருக்கு உங்கள்மேல் ஒரு பிடி இருக்கும், உங்களுக்கும் ஒழுங்கு வரும். ஐசிஎஃப் தரும் முதல் நிலைச் சான்று ஏசிசி. அதற்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சி, குறைந்தது 8 பேருடன் 100 மணி நேர கோச்சிங் (அதில் 75 மணி நேரம் கட்டணத்துடன்), மூன்று மாதத்துக்குக் குறையாமல் பரவிய 10 மணி நேர மென்டார் கோச்சிங் (நீங்கள் கோச்சிங் செய்யும் விதத்தை அனுபவமுள்ள கோச் ஒருவர் கவனித்துத் திருத்துவது), பதிவு செய்த உரையாடலின் மதிப்பீடு, கடைசியில் ஒரு தேர்வு. அடுத்த நிலையான பிசிசிக்கு 125 மணி நேரப் பயிற்சியும் 500 மணி நேர கோச்சிங்கும். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. விண்ணப்பிக்கும் மாதத்தில் ஐசிஎஃப் தளத்தைத் திறந்து மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு நோட்டில் செய்துகொள்ள வேண்டிய வேலை இருக்கிறது. இருந்த ஊர், பார்த்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அதில் மூன்று விஷயம்: அங்கே போனபோது எனக்கு என்ன தெரியாமல் இருந்தது, யாரிடம் எப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், கிளம்பும்போது எந்த எண்ணத்தை விட்டுவிட்டு வந்தேன். சாதனைகளை எழுத வேண்டாம், அவை பயோடேட்டாவுக்கு. மொழி தெரியாத ஊரில் முகத்தையும் கையசைவையும் வைத்தே ஆளைப் புரிந்துகொண்டது, இஞ்சின் ரூம் வாட்ச்சில் நான்கு மணி நேரம் சத்தத்தில் வரும் சின்ன மாற்றத்துக்காகக் காதைக் கொடுத்தது, டாக்டர் அறை வாசலில் காத்திருந்து அவர் மனநிலையைக் கணித்தது: இவைதான் கோச்சிங்குக்குள் வரும் சரக்கு. பத்துப் பக்கம் எழுதினாலே யாருடன் வேலை செய்யலாம் என்பதும் துலங்கிவிடும். சவுதியிலிருந்து திரும்பி ஊரில் ஒட்ட முடியாமல் தவிப்பவர்கள், முதல்முறை சூப்பர்வைசர் ஆனவர்கள், பிள்ளை பெற்றுவிட்டு வேலைக்குத் திரும்புகிற பெண்கள் என ஏதோ ஒரு கூட்டம் அந்தப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் உங்கள் பாதையிலேயே நடந்து வந்தவரிடம்தான் அறிவுரை சொல்லும் ஆசை எக்கச்சக்கமாக வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் முதல் 30 மணி நேரத்தை வேண்டுமென்றே அறிமுகமில்லாத துறைக்காரர்களுடன் செய்யச் சொல்வது எங்கள் வழக்கம். அவருடைய வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது கேள்வி தானாக வரும்.

பயிற்சி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஐசிஎஃப் லெவல் 1 அங்கீகாரம் (ஏசிசிக்கான பயிற்சிக்குத் தரப்படுவது) உண்டா, மென்டார் கோச்சிங்கும் உரையாடல் மதிப்பீடும் கட்டணத்திலேயே அடங்குமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். வகுப்புக் கட்டணத்தைக் குறைவாகச் சொல்லிவிட்டு மென்டார் கோச்சிங்குக்குத் தனியாக வாங்குவது நடக்கிறது. 60 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் ஜோடி ஜோடியாகப் பயிற்சி செய்வது, எத்தனை மணி நேரம் ஸ்லைடு பார்ப்பது என்றும் கேளுங்கள். பாதிக்கு மேல் ஸ்லைடு என்றால் வேறு இடம் பார்க்கலாம்.

இனி உரையாடலுக்கு வருவோம். தமிழில் கோச்சிங் செய்கிறவர்களுக்கு ஆங்கிலப் பாடப் பொருள் சொல்லித்தராத சிக்கல்கள் இங்கேதான்.

முதலாவது, ‘ஏன்’. ‘ஏன் அந்த வேலையை விட்டீங்க?’ என்றால் நம் காதில் அது குற்றச்சாட்டு. ஆள் உடனே நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ‘விடணும்னு தோணினப்போ என்ன நடந்துக்கிட்டிருந்தது?’ என்றால் கதவு திறக்கிறது. அடுத்து, ‘ஆ’வில் முடியும் கேள்வி. ‘அவர்கிட்ட பேசிப் பார்த்தீங்களா?’ என்பது கேள்வி வேஷம் போட்ட அறிவுரை. ‘பேசலாமே?’ அதைவிட மோசம். அனுபவசாலிகளின் உரையாடல் பதிவுகளில் இந்த இரண்டும் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். எது, என்ன, எப்படி, எப்போது, யார் என்று தொடங்கும் கேள்விகளுக்கு மாறினாலே பாதி அறிவுரை உதிர்ந்துவிடும். ‘இன்னும் யார்கிட்ட இதைப் பேசணும்னு நினைக்கிறீங்க?’ என்பதில் உங்கள் யோசனை எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

மூன்றாவதாக, ‘நாம’. ‘அப்போ நாம திங்கக்கிழமை ஆரம்பிப்போம்’ என்பது அன்பாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அந்த நொடியில் வேலையின் பாதிப் பாரம் உங்கள் தோளுக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை அது நடக்காவிட்டால் அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்பார். ‘நீங்க எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?’ என்றே கேளுங்கள். ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தால் நம்மூரில் அதற்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பொருள். அதை அப்படியே விட்டுவிடாமல், ‘பார்க்கலாம்னா, இதுல எந்தப் பகுதி இன்னும் மனசுக்குச் சரிப்படலை?’ என்று மெதுவாகத் தொடுவது நல்லது.

வயதும் உறவுமுறையும் இன்னொன்று. இளையவர் ‘அண்ணா’, ‘மேடம்’ என்று கூப்பிட்டுக்கொண்டு அறிவுரைக்காகவே உட்கார்ந்திருப்பார். மூத்தவர் ‘தம்பி, உங்களுக்கு இதெல்லாம் புரியுமா?’ என்று சோதிப்பார். கூப்பிடும் விதத்தை மாற்றச் சொல்லக் கூடாது. மரியாதை மரியாதையாகவே இருக்கட்டும். அதற்குப் பதில் முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் ஒப்பந்தத்தைத் தெளிவாகப் பேசிவிடுங்கள்: ‘நான் என்ன செய்யணும்னு சொல்ல மாட்டேன். உங்க யோசனையை நீங்களே கேட்கிற மாதிரி கேள்வி கேட்பேன். இங்க பேசுறது வெளியே போகாது. இன்னைக்கு நேரம் முடியும்போது உங்க கையில என்ன இருந்தா, வந்தது பிரயோஜனம்னு சொல்வீங்க?’ கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் மேலே போகாதீர்கள். ஒரு மணி நேரம் பேசியும் எங்கும் போய்ச் சேராத உரையாடல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கோட்டை விட்டவை.

பழைய தொழில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் வழுக்கல் உண்டு. விற்பனையிலிருந்து வந்தவர் சீக்கிரமே ‘முடிக்க’ப் பார்ப்பார், நாற்பதாவது நிமிடத்தில் எப்படியாவது ஒரு சம்மதத்தை வாங்கிவிடுவார், ஆள் வீட்டுக்குப் போனதும் அது கரைந்துவிடும். ஆசிரியர் விளக்குவார். ராணுவத்திலும் கப்பலிலும் இருந்தவர்களுக்கு மௌனம் தாங்காது. கேள்வி கேட்டு மூன்று விநாடி ஆவதற்குள் அடுத்த கேள்வி. மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு வாயைத் திறப்பது இவர்களுக்கு நல்ல மருந்து. ஆன்சைட் போய் வந்த ஐடி ஆட்கள் எல்லாவற்றையும் பணிப்பட்டியலாக்கிவிடுவார்கள், அழுகையைக்கூட. நிறையப் பயணம் போனவரோ ‘நான் ஜெர்மனியில இருந்தப்போ…’ என்று தொடங்கிவிடுவார். அந்த வாக்கியம் தொடங்கியதும் எதிரே இருப்பவர் கேட்பவராக மாறிவிடுகிறார், அவருடைய யோசனை அங்கேயே நின்றுவிடுகிறது. உங்கள் பயணக் கதை அறிமுகப் பக்கத்தில் இருக்கட்டும். ஆள் உங்களைத் தேடி வர அது உதவும். உட்கார்ந்த பிறகு அதற்கு வேலையில்லை.

நூறு மணி நேரத்தின் கணக்கு இப்படி. 12 பேர், ஆளுக்கு 8 சந்திப்பு, தலா ஒரு மணி என்றால் 96. வாரத்துக்கு மூன்று வீதம் போனால் எட்டு மாதம் ஆகும். 45 நிமிடச் சந்திப்பை முக்கால் மணியாகத்தான் எழுத முடியும். பயிற்சி தொடங்குவதற்கு முன் செய்த எதுவும் கணக்கில் வராது. இருபது வருடம் மேலாளராக ஆட்களுடன் உட்கார்ந்து பேசியதும் வராது. அதோடு, விண்ணப்பத்துக்கு முந்தைய 18 மாதத்துக்குள் 25 மணி நேரமாவது இருக்க வேண்டும். இடையில் வெளிநாட்டு ஒப்பந்தத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். கட்டணம் என்பதற்குக் குறைந்தபட்சத் தொகை கிடையாது. 100 ரூபாய் வாங்கினாலும், பதிலுக்கு ஒரு பொருளோ சேவையோ பெற்றாலும் அது கட்டண மணிதான். இருந்தும் கூச்சத்தில் எல்லாருக்கும் இலவசமாகச் செய்துவிட்டு, 90 மணி நேரம் முடிந்ததும் அதில் 65 கணக்கில் சேராது என்று தெரிந்து உட்கார்ந்துவிடுபவர்கள் உண்டு. ஐந்தாவது ஆளிலிருந்தாவது சிறு தொகை வாங்குங்கள். வாங்கினால் அவரும் நேரத்துக்கு வருவார். பெயர், தொடர்பு விவரம், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, கட்டண மணி, இலவச மணி என்று அன்றன்றே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பெயரைப் பதிய அவர் சம்மதத்தையும் முன்பே வாங்கி வையுங்கள். மனைவி, மச்சான், உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் ஆகியோரைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். உங்களிடம் உண்மை சொல்வதில் அவர்களுக்கு நஷ்டம் இருக்கிறது.

மென்டார் கோச்சிங் 10 மணி நேரத்தில் 7 வரை குழுவாகச் செய்யலாம். குறைந்தது மூன்று மணி நேரம் தனியாக இருக்க வேண்டும். இதற்குப் போகும் முன் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சம்மதத்தோடு பதிவு செய்த ஓர் உரையாடலை வரிக்கு வரி எழுத்தாக்குங்கள். 40 நிமிடப் பேச்சுக்கு அரை நாள் பிடிக்கும், ஆனாலும் கையால் செய்யுங்கள். நீங்கள் பேசியதை ஒரு நிறத்தில் தீட்டி, பக்கத்தில் எவ்வளவு நிறம் என்று பாருங்கள். கால் பங்குக்குள் இருந்தால் நல்லது. பிறகு உங்கள் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் கேள்வி, சுருக்கம், அறிவுரை, என் கதை என்று குறியுங்கள். முதல் பதிவில் அறிவுரைக் குறி நிறைய இருப்பது எல்லோருக்கும் நடப்பதே. மூன்றாவது பதிவிலும் குறையாவிட்டால்தான் மென்டாரிடம் அதை முதல் பேச்சாக எடுக்க வேண்டும். மதிப்பீட்டுக்கு அனுப்பும் பதிவு 20 நிமிடத்துக்குக் குறையாமலும் 60-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். தமிழ் உரையாடலை அனுப்ப நினைத்தால் மொழிக்கான விதிமுறையை முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் மொழிபெயர்க்க உட்கார்வது கொடுமை.

எல்லை பற்றிப் பேசாமல் விட முடியாது. கோச் மனநல மருத்துவர் கிடையாது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, இருந்து என்ன பயன் என்று ஒருவர் சொன்னால் கோச்சிங்கை அங்கேயே நிறுத்த வேண்டும். ‘இதுக்கு என்னைவிடச் சரியான ஆள் இருக்காங்க, இப்பவே சேர்ந்து கூப்பிடலாமா?’ என்று கேட்டு, 14416 என்ற டெலி மனஸ் எண்ணையோ அருகிலுள்ள மனநல மருத்துவரையோ தொடர்புகொள்ளுங்கள். டெலி மனஸ் இலவசம், 24 மணி நேரமும் உண்டு. மேலே அறிவுரையே வேண்டாம் என்றதெல்லாம் இங்கே பொருந்தாது. இந்த ஓரிடத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஏசிசி கையில் வந்த பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 40 மணி நேரத் தொடர்கல்வியும் மறுபடி 10 மணி நேர மென்டார் கோச்சிங்கும் கேட்பார்கள். பழைய ஒலிப்பதிவுகளைச் சேர்த்து வைக்காமல், ஒப்புக்கொண்ட தேதியில் அழித்துவிடுங்கள். நிறம் தீட்டிய அந்த முதல் எழுத்துப்படியை மட்டும், அவர் சம்மதித்தால், பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டு வைத்துக்கொள்ளலாம். புதுப்பிக்கும் வருடத்தில் புதிய பதிவு ஒன்றை எழுதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மென்டாரிடம் காட்டுங்கள்.