தறிச் சத்தத்தில் வளர்ந்த தொண்டை: நாலு மாதக் குறிப்புகள்

என் குரலைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. சேலம் அம்மாப்பேட்டையில் தறிக்கூடத்தை ஒட்டிப் பிறந்து வளர்ந்தவன் நான். எங்களுக்குக் குரல் என்றால், எட்டுத் தறி ஓடும்போது கூடத்தின் அந்த முனையில் நிற்கிறவருக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். என் குரல் கேட்டது. இப்போதும் மாமாவின் விசைத்தறிக் கூடத்தில்தான் கணக்கு எழுதுகிறேன். நூல் வாங்குவது, கூலி போடுவது என்று பகல் முழுக்கப் பேச்சுதான். வீட்டுக்கு வந்தால் மனைவி சொல்வாள்: "பக்கத்துலதான நிக்கறேன், அக்கரையில நிக்கறவளக் கூப்புடற மாதிரி எதுக்குக் கூப்புடறீங்க?"

வம்பு ஏற்காட்டில் ஆரம்பித்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தாவரவியல் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். மாதத்தில் இரண்டு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போய் மரம், செடி காட்டுவார். போன நவம்பரில் அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டதால், "தம்பி, பாதிப் பேர நீ கூட்டிக்கிட்டு நட. சொல்ல வேண்டியத எழுதித் தர்றேன்" என்றார். எனக்கும் ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லை.

முதல் ஞாயிறு: பன்னிரண்டு பிள்ளைகள். நாற்பதே நிமிடத்தில் தொண்டை கட்டிவிட்டது. நாள் முழுக்கத் தறிக்கு மேலே கத்துகிற எனக்கு இப்படி ஆனது அவமானமாக இருந்தது. திங்கட்கிழமை பேச்சே எழும்பவில்லை. அம்மா அதிமதுரத்தைத் தட்டிக் கொடுத்தார். சுகமாக இருந்தது, ஆனால் குரல் வரவில்லை.

இரண்டாம் ஞாயிறு, காஞ்சொறி: இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். காபித் தோட்ட வேலியோரம் காஞ்சொறி நின்றது. இலை முழுக்கச் சுணை, பட்டால் தீயில் சுட்டதுபோல் எரியும். நான் வாத்தியார் எழுதித் தந்தபடியே சொன்னேன்: "இதுதான் காஞ்சொறி. எட்ட நின்னு பாருங்க, இலையத் தொட்டுப் பாக்கக் கூடாது." அடுத்த நிமிடம் கடைசியில் நின்ற பையன் "ஆ"வென்று அலறினான். கையெல்லாம் தடிப்பு. தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே, "சொல்லச் சொல்ல ஏன்டா தொட்ட?" என்று கேட்டேன். "நீங்கதான சார் தொட்டுப் பாக்கச் சொன்னீங்க?" என்றான்.

பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். பின்வரிசையில் நின்ற வாத்தியார் எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்திருந்தார். இறங்கும்போது பஸ்ஸில் போட்டுக் காட்டினார். "இலையத் தொட்டுப் பாக்க" என்பது வரை கணீரென்று இருக்கிறது. "கூடாது" இல்லை. ஒரு முனகல் மட்டும் இருக்கிறது, காற்று தீர்ந்துபோன பலூன் மாதிரி.

அன்றிரவு முழுக்க இதே யோசனை. தமிழில் வினை கடைசியில்தானே வருகிறது. வருவானா வரமாட்டானா, தொடலாமா கூடாதா என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. நான் முதல் சொல்லிலேயே முக்கால்வாசி மூச்சைக் கொட்டிவிட்டு, சேதி இருக்கிற இடத்துக்கு வரும்போது காலி. கத்துகிற பழக்கம் உள்ளவர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவில் கூர்ந்து கேட்டுப் பாருங்கள், "ஏங்க நான் நேத்தே..." வரை ஊருக்கே கேட்கும், மீதி அவர்களுக்கே கேட்காது.

டிசம்பர் முதல் வாரம்: கரகரப்பு மூன்று வாரமாகியும் போகாததால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். கட்டி எதுவும் இல்லை, குரல்நாண் இரண்டும் வீங்கியிருக்கின்றன என்றார். ஆண்கள் சாதாரணமாகப் பேசும்போது அவை நொடிக்கு நூறிலிருந்து நூற்றுமுப்பது முறை ஒன்றோடொன்று மோதுமாம். கத்தினால் எண்ணிக்கையும் கூடும், மோதுகிற வேகமும் கூடும். நாள் முழுக்க அப்படிக் கைதட்டினால் உள்ளங்கை என்ன ஆகும் என்று கேட்டார். மூன்று விஷயம் சொன்னார். கனைக்காதே, கனைக்கத் தோன்றினால் எச்சிலை விழுங்கு. ஓய்வு என்று நினைத்துக் கிசுகிசுக்காதே, அதுவும் தொண்டையை இறுக்கும். தண்ணீரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. குடிக்கிற தண்ணீர் குரல்நாணைத் தொடுவதே இல்லை, உணவுக்குழாய் வழியாகப் போய்விடுகிறது, உடம்பில் ஊறித்தான் அங்கே ஈரம் சேர வேண்டும் என்பது எனக்குப் புதுச் செய்தி. அப்படியானால் அதிமதுரமும் அங்கே போகவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

அடுத்த மூன்று வாரம் பயிற்சி. வாத்தியார் தொல்காப்பியத்தை இழுத்தார். எழுத்துகள் பிறப்பதைச் சொல்லும்போதே "உந்தி முதலா முந்துவளி தோன்றி" என்றுதான் ஆரம்பிக்கிறதாம். உந்தி என்றால் கொப்பூழ். மிடறு என்றால் தொண்டை. "நீ மிடற்றுலயே ஆரம்பிச்சு மிடற்றுலயே முடிக்கற" என்றார். பாயில் மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் கணக்கு நோட்டை வைத்து, மூச்சு இழுக்கும்போது நோட்டு ஏறுகிறதா என்று பார்த்தேன். முதல் நாள் ஏறவில்லை, தோள்தான் ஏறியது. பிறகு "ஸ்ஸ்" என்று காற்றை ஒரே சீராக விடுவது. முதல் நாள் 9 நொடி. பிப்ரவரி கடைசியில் 21. இது பெரிய சாதனை இல்லை, ஆனால் "கூடாது" என்று சொல்லி முடிக்கப் போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்ட்ரா பயிற்சி. டம்ளரில் பாதித் தண்ணீர், அதில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வர வர "ஊ" என்று குரல் கொடுக்க வேண்டும். வாய் குறுகுவதால் காற்றழுத்தம் கொஞ்சம் திரும்பி வந்து குரல்நாண்களுக்கு மெத்தை போட்டதுபோல் நிற்கும், மோதல் மென்மையாகும். வீட்டில் யாரும் இதை மதிக்கவில்லை. சின்னவன் தானும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் பாலில் ஊதினான்.

தோற்றுப்போன ஒன்றையும் எழுதிவிடுகிறேன். செய்தி வாசிப்பவர் போலக் குரலைத் தாழ்த்திக் கனமாகப் பேசினால் மரியாதை வரும் என்று ஒரு ஞாயிறு முயன்றேன். "இது... சில்வர் ஓக்... மரம்." ஒரு பெண் பிள்ளை என்னைப் போலவே பேசிக்காட்ட, எல்லாரும் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. தொண்டையும் வலித்தது. இல்லாத அடிக்குரலை அழுத்தி வரவழைப்பதும் கத்துவதுபோல ஒரு வன்முறைதான். அதோடு விட்டேன்.

பஸ் பயிற்சி: அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு நீண்ட "ம்ம்ம்" என்று கணக்கு வைத்துக்கொண்டேன். உதடு மூடி, மூக்கோரம் அதிர வேண்டும். இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? பதினோராவது வளைவில் எதிரே லாரி வர, டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். இன்ஜின் அடங்கியது. நான் அடங்கவில்லை. முன்சீட்டுப் பாட்டி திரும்பிப் பார்த்து, "கண்ணு, வாந்தி வருதா? எலுமிச்சம்பழம் இருக்குது, மோந்து பாக்கறியா?" என்றது.

வெட்கமாக இருந்தாலும் அந்த வளைவில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மெதுவாக முனகுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். சுற்றிச் சத்தம் கூடும்போது நம்மை அறியாமல் நம் குரலும் கூடிவிடும். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911-இல் இதை எழுதினார், இன்றைக்கும் இதற்கு அவர் பெயர்தான். அவர் காதுக்குள் சத்தம் விட்டுப் பரிசோதித்தார். எங்களுக்கு அது தேவையில்லை. காலை ஏழு மணிக்கு ஸ்விட்சைப் போட்டால் போதும். எங்கள் கூடத்தில் செல்போன் செயலி 90 டெசிபலுக்கு மேல் காட்டுகிறது. அதில் வளர்ந்த காது, தறி நின்ற பிறகும் தறி ஓடுவதாகவே நினைத்துக்கொள்கிறது.

மலைமேலே போனதும் இதற்கு நேர்மாறு. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், ஏறி முடிப்பதற்குள் காது அடைத்துவிடும். அடைத்த காதோடு பேசினால் நம் குரல் நம் மண்டைக்குள்ளேயே கணகணக்கும், ரொம்பச் சத்தமாகப் பேசுகிறோம் என்று தோன்றிக் குரலைக் குறைத்துவிடுவோம். முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் "சார் கேக்கல" என்றது அதனால்தான். இப்போது பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லாரையும் நாலு முறை கொட்டாவி விடச் சொல்கிறேன். காதும் திறக்கும், தொண்டையும் தளரும்.

ஏற்காட்டில் மலைவிளிம்பிலிருந்து கீழே பார்க்கிற இடமான பகோடா பாயிண்டில் காற்று. அங்கே கற்றுக்கொண்டது நிற்கிற இடம். காற்று என் முதுகில் பட்டு அவர்கள் முகத்துக்குப் போகிற மாதிரி நின்றால் பேச்சு தானாகப் போய்ச் சேருகிறது. எதிர்த்து நின்றால் ஒலி மேலே வளைந்து தலைக்கு மேல் போய்விடும், எவ்வளவு கத்தினாலும் வீண். கூடவே, வெயில் என் கண்ணில் படட்டும், பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது. கண் கூசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், முகம் திரும்பினால் காதும் போச்சு. இன்னொன்று, தூரம் இரட்டிப்பானால் திறந்தவெளியில் ஒலி 6 டெசிபல் குறையும். ஆகவே பத்தடியில் நிற்கிறவர்களைக் கை காட்டி ஐந்தடிக்கு வரவழைத்தால், தொண்டைக்குச் செலவில்லாமல் 6 டெசிபல் லாபம். கணக்கெழுதுகிறவனுக்கு இந்த லாபம் சந்தோஷமாக இருந்தது.

இடைவெளி விடுவது இன்னும் வரவில்லை. முக்கியமான இடத்துக்கு முன் மூன்று நொடி நிறுத்து என்றார் வாத்தியார். நிறுத்தினேன். பதிவைக் கேட்டால் ஒரு நொடிகூட இல்லை. மனசுக்குள் எண்ணினால் வேகமாக ஓடிவிடுகிறது. பிப்ரவரியில் ஒருநாள் உண்மையிலேயே மூன்று நொடி நிறுத்தினேன்: "1820களில் இங்க காபியக் கொண்டுவந்தது..." மறந்துவிட்டேன் என்று நினைத்து ஒரு பையன், "காக்பர்ன் கலெக்டர் சார்!" என்று எடுத்துக் கொடுத்தான். போன மாதம் அக்காவோடு வந்திருக்கிறான்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அம்மா முப்பது வருடம் தறிக்கூடத்தில் தார் (நாடாவுக்குள் போடுகிற ஊடைநூல் கண்டு) சுற்றியவர், பிறகு தறியும் ஓட்டியவர். காது மந்தம். இவ்வளவு நாளும் அவரிடம் பேச ஒரே வழி, இன்னும் சத்தமாகக் கத்துவது. ஜனவரியில் என் டாக்டரிடமே கூட்டிப்போய்க் காதைப் பரிசோதித்தோம். வரைபடத்தில் கீழ்ச்சுருதிப் பக்கம் பரவாயில்லை. 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் போகும்போது கோடு பள்ளத்தில் விழுகிறது. சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த இடம்தான் முதலில் போகுமாம். உயிரொலி கேட்கும். ச, ட, த, க மாதிரி மெய்கள் தேய்ந்துபோகும். "பத்து" என்றாலும் "பட்டு" என்றாலும் ஒன்றுதான். பட்டு நெய்கிற ஊரில் இதனால் எத்தனை சண்டை நடந்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

நான் கத்தினபோது என்ன நடந்ததென்றால், உயிரொலிதான் பெருத்தது. மெய் அதே அளவில்தான் இருந்தது, இன்னும் அமுங்கிப்போனது என்றுகூடச் சொல்லலாம். கேட்கிற பாதியை இன்னும் கேட்க வைத்து, கேட்காத பாதியை மூடியிருக்கிறேன், இருபது வருடமாக. கோபமாகக் கத்துகிறேன் என்று அவரும், வேண்டுமென்றே கேட்காதமாதிரி இருக்கிறார் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

காதுக் கருவி வாங்கியாயிற்று. போடமாட்டேன் என்கிறார், தட்டு விழுந்தால் இடி விழுகிறதாம். அதனால் மலையில் செய்ததை வீட்டில் செய்து பார்த்தேன். சமையலறையிலிருந்து கூப்பிடுவதை நிறுத்தினேன். ஒரு கை தூரத்தில், லைட் என் முகத்தில் படுகிறமாதிரி முன்னால் உட்கார்ந்து, முதலில் "அம்மா" என்று சொல்லி அவர் பார்த்த பிறகு பேசினேன். சாதாரணக் குரல். மெய்யெழுத்துகளை மட்டும் நாக்கு நன்றாகப் படும்படி. வாக்கியத்தின் வாலில் மூச்சு மிச்சம் வைத்து. தறிக்கூடத்தில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர், பாதியை உதட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்.

"நாளைக்குக் கரண்ட் இருக்காது, காலையில ஒம்பதுக்கு நிறுத்திருவாங்க, ரெண்டு மணிக்குத்தான் விடுவாங்க" என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். "அப்ப மோட்டர ராத்திரியே போட்டுரு" என்றார்.

இந்தக் குறிப்பை எழுதுகிறேன் என்று போன வாரம் அவரிடம் சொன்னேன். நான் எப்போதிருந்து இப்படிக் கத்துகிறேன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"உன்னத் தறிக்குப் பக்கத்துலயே தூளி கட்டிப் போட்டிருந்தேன் கண்ணு. நீ அழறது எனக்குக் கேக்காது. தூளி ரொம்ப ஆடுச்சுன்னா அழறேன்னு தெரிஞ்சுக்குவேன். தறிய நிறுத்திட்டு வந்து பாத்தா, மொகமெல்லாம் செவந்து கெடப்ப."