கூழாங்கல்லை ஷெல்ஃப்ல இருந்து கீழ இறக்குங்க

மூணு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களோடதான் என் வேலை. வகுப்புல முதல்முதலா "இயற்கை மூலை"ன்னு ஒண்ணு வச்சப்ப ரொம்ப ஆசையா பண்ணேன், விதை, சங்கு, கூழாங்கல், காஞ்ச பூன்னு ஒவ்வொண்ணையும் தனித்தனி டப்பால போட்டு, பேர் எழுதி ஒட்டி, ஷெல்ஃப்ல வரிசையா அடுக்கினேன், யாரும் எடுத்துக் கலைச்சிடக் கூடாதுன்னு கொஞ்சம் உயரத்துலயே வச்சேன். ரெண்டு நாள் அண்ணாந்து பார்த்தாங்க, மூணாவது நாள் அந்தப் பக்கமே யாரும் போகல.

அப்புறம் ஒருநாள் கூழாங்கல் டப்பா கைதவறி விழுந்து கல்லெல்லாம் தரை முழுக்க ஓடிடுச்சு. பொறுக்கிக் குடுங்கன்னு சொன்னேன். பொறுக்கப் போனவங்க அரைமணி நேரம் ஆகியும் எழுந்திருக்கவே இல்ல! ஒரு பொண்ணு பெருசுல இருந்து சின்னது வரைக்கும் வரிசை வச்சிட்டிருக்கா, ஒரு பையன் ரெண்டு கையிலயும் ஒவ்வொரு கல்லை வச்சுக்கிட்டு எது கனம்னு மாத்தி மாத்திப் பார்க்குறான், இன்னொருத்தன் கல்லைத் தண்ணில நனைச்சுட்டு "மிஸ், கலர் மாறிடுச்சு"ன்னு ஓடி வர்றான், காஞ்சதும் பழைய கலர் வந்துடுது, திரும்ப நனைக்குறான். நான் சொல்லிக் குடுக்கணும்னு திட்டம் போட்டு வச்சிருந்த பெருசு சிறுசு, கனம் லேசு, ஈரம் காஞ்சது எல்லாத்தையும் அவங்களே தரையில உக்காந்து பார்த்து முடிச்சிட்டாங்க.

அன்னைக்கே ஷெல்ஃப்ல இருந்த எல்லாத்தையும் கீழ இறக்கிட்டேன். இயற்கைப் பொருள் வகுப்புல இருந்தா மட்டும் போதாது, அது பிள்ளைங்க கையில இருக்கணும், அவங்க அதை நகர்த்தணும், நனைக்கணும், பிய்க்கணும், கலைக்கணும். சைமன் நிக்கல்சன்னு ஒரு பிரிட்டிஷ் கலைஞர் 1971லயே "லூஸ் பார்ட்ஸ்" (தனித்தனியா எடுத்து நகர்த்தக்கூடிய பொருள்கள்)னு இதைத்தான் எழுதினார், ஒரு இடத்துல நகர்த்தவும் மாத்தவும் முடியுற பொருள் எவ்வளவு இருக்கோ அவ்வளவுக்கு அங்க கற்பனையும் கண்டுபிடிப்பும் நடக்கும்ங்கறது அவர் வாதம். பிளாஸ்டிக் வாழைப்பழம் எப்பவும் வாழைப்பழம்தான், ஆனா ஒரு குச்சி காலைல ஸ்பூன், மத்தியானம் பேனா, சாயங்காலம் பாலம். அதோட பிளாஸ்டிக் எதைத் தொட்டாலும் கிட்டத்தட்ட ஒரே வழவழப்பு, ஒரே லேசு, மரப்பட்டையும் கல்லும் சருகும் அப்படியா?

"கிண்டர்கார்டன்"ங்கற வார்த்தைக்கே குழந்தைகளின் தோட்டம்னுதான் அர்த்தம். ஜெர்மனில ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெல்ங்கற கல்வியாளர் 1840ல அந்தப் பேரை வச்சப்ப அது வெறும் உவமை இல்ல, ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமா ஒரு சின்ன பாத்தி, எல்லாருக்கும் பொதுவா ஒரு நிலம்னு நிஜத் தோட்டமே இருக்கணும்னு சொன்னவர் அவர். பேரை வச்சுக்கிட்டு மண்ணை விட்டுட்டோமேன்னு எனக்கு நிஜமாவே வருத்தம்.

மண்ணுன்னா அழுக்கு, கிருமின்னு பெத்தவங்க பயப்படுறது எனக்குப் புரியுது. அவங்ககிட்ட நான் சொல்றது ஃபின்லாந்துல நடந்த ஒரு ஆய்வைப் பத்தி, 2020ல வந்தது. சில டேகேர்களோட வெறும் சரளைக்கல் முற்றத்துல காட்டுத் தரையையும் புல்தரையையும் கொண்டுவந்து போட்டு, செடி வைக்கத் தொட்டியும் குடுத்து 28 நாள் பிள்ளைங்களை அதுல விளையாட விட்டாங்க, மூணுல இருந்து அஞ்சு வயசுப் பிள்ளைங்க. தோல்ல இருக்குற பாக்டீரியாக்களோட வகை கூடிச்சு, ரத்தத்துல நோய் எதிர்ப்பைச் சீரா வச்சுக்கற அறிகுறிகளும் மேம்பட்டுச்சு. சின்ன ஆய்வுதான், மொத்தம் 75 பிள்ளைங்க, அதனால இதை வச்சு எல்லா நோயும் ஓடிடும்னெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஆனா மண்ணைத் தொட்டாலே ஆபத்துங்கற பயத்துக்கு இது நல்ல பதில். மண்ணுல விளையாடிட்டு வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவணும், அவ்வளவுதான்.

நிஜமா பயப்பட வேண்டியது வேற. மூணு வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைங்க எதையும் வாயில வைப்பாங்க, அவங்க பக்கத்துல மூணேகால் சென்டிமீட்டருக்கும் சின்னதா இருக்குற எதுவும் இருக்கவே கூடாது. குன்றிமணி பார்க்க அவ்வளவு அழகு, ஆனா கடிச்சு முழுங்கினா உயிருக்கே ஆபத்து, ஆமணக்கு விதையும் அரளியும் அப்படித்தான், உள்ளயே விடாதீங்க. நிறைய பேர் அழகுக்கு வைக்குற மணி பிளான்ட் கூட கடிச்சா வாயெல்லாம் எரியும், கைக்கு எட்டாத இடத்துல வைக்கலாம், இல்ல வைக்காமலே விடலாம். தண்ணித் தொட்டி வச்சா பெரியவங்க ஒருத்தர் கூடவே நிக்கணும், விளையாடி முடிச்சதும் கவுத்துடணும், ரெண்டு மூணு இன்ச் தண்ணியே சின்னப் பிள்ளைக்கு ஆபத்து.

எங்க வகுப்புல தொட்டியில வச்ச ஒரு செடி செத்துப்போச்சு, பாசத்துல ஆளாளுக்குத் தண்ணி ஊத்தி வேர் அழுகிடுச்சு. ராத்திரியோட ராத்திரியா வேற செடி மாத்தி வச்சிடலாம்னு எனக்குத் தோணாம இல்ல. மாத்தல. பிடுங்கி, கறுத்துப்போன வேரை எல்லாரும் தொட்டுப் பார்த்தோம், முகர்ந்தும் பார்த்தோம். அடுத்த செடிக்கு தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி மண்ணுல விரலை விட்டுப் பார்க்கற பழக்கம் அவங்களுக்கு அப்படித்தான் வந்துச்சு, நான் பத்து தடவை சொல்லியும் வராதது.

ஒரே ஒரு பொருள்தான் வைக்க முடியும்னா எதை வைக்கலாம்னு கேக்குறவங்களுக்கு என் பதில், வெளியில மண்ணு மேல கிடக்குற மாதிரி ஒரு பழைய மரக்கட்டை. ஏறலாம், குதிக்கலாம், பட்டை உரிக்கலாம், புரட்டிப் பார்த்தா அடியில ஒரு ஊரே இருக்கும். எங்க கட்டைக்கு அடியில மரவட்டை இருக்குன்னு கண்டுபிடிச்சது நாலு வயசுப் பையன் ஒருத்தன், அதிகம் பேசாதவன். தினமும் காலைல வந்ததும் பையைக் கூட கழட்டாம போய்க் கட்டையைப் புரட்டுவான். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. ரெண்டு வாரம் கழிச்சு ஒருநாள் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் "மழை பேஞ்சாதான் வருது"ன்னான். அன்னைல இருந்து தன் பாட்டில்ல மிச்சம் இருக்குற தண்ணியை வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கட்டையைச் சுத்தி ஊத்திட்டுத்தான் போறான்.