கிணற்று நீச்சல்காரன் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குப் போன கதை

கன்னங்குறிச்சிப் பக்கம் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் பெரும்பாலும் தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்திருப்பார்கள். மேலிருந்து எவன் எப்போது குதிப்பான் என்று பார்க்க வேண்டுமே! நாற்பதைத் தாண்டி, சேலத்தில் மாஸ்டர்ஸ் (வயது வந்தவர்களுக்கான வயதுவாரி) பிரிவு 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குப் பெயர் கொடுத்தபோது முதலில் கழற்ற வேண்டியிருந்தது அந்தப் பழக்கத்தைத்தான்.

"அண்ணா, தலையத் தூக்கினா இடுப்பு இறங்கிடும். கீழ இருக்கற கறுப்புக் கோட்டைப் பாருங்க, போதும்" என்பார் கோச். என்னைவிட வயதில் சின்னவர். பெரிய வீரர்கள் இந்தத் தூரத்தில் ஒரு முறை மூச்சு எடுத்தாலே அதிகம். நமக்கு அது ஆகாது. நாலு கை வீச்சுக்கு ஒரு மூச்சு என்று தொடங்கி, மூச்சு எடுப்பதை மெல்லக் குறைத்தோம்.

டைவ் இன்னொரு தலைவலி. கிணற்றில் எவ்வளவு ஆழம் போகிறோமோ அவ்வளவு பெருமை; இங்கே ஆழம் போனால் நேரம் போச்சு. தண்ணீருக்குள்ளேயே 15 மீட்டர் வரை போக விதி இடம் கொடுக்கிறது. நான் அதில் பாதியிலேயே மேலே வந்துவிடுவேன். தொடக்க ஒலி வருவதற்கு முன் பாய்ந்தால் மறுவாய்ப்பு கிடையாது, நேராக வெளியேற்றம்.

கோச் என்னை விடாமல் பிடித்தது கடைசிச் சில மீட்டரில். சுவர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பேன், கை வீச்சை முடிக்காமல் மிதந்தபடி போய்த் தொடுவேன். ஒருநாள் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக் கதையைச் சொன்னார். 50 மீட்டர் இறுதிச் சுற்றில் நம்ம விர்தவல் காடே 22.47 விநாடி, நான்காம் இடம். வெண்கலம் வாங்கிய ஜப்பான்காரர் 22.46. அதே நாள் தகுதிச் சுற்றில் காடே 22.43 நீந்தி தேசிய சாதனை படைத்திருந்தார் என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்த வேகத்தில் 0.01 விநாடி என்றால் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். ஒரு விரல் மடங்கியிருந்தால் போய்விடும் தூரம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இதே பந்தயத்தில் இரண்டு அமெரிக்கர்கள் 21.98-இல் ஒன்றாகத் தொட, இருவருக்குமே தங்கம் கொடுத்தார்கள்.

அப்புறம் பயிற்சியே மாறியது. தரையில் ஓடும் கறுப்புக் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்னால் குறுக்குக் கோட்டோடு முடியும். அது கண்ணில் பட்டதும் மூச்சு எடுக்கக் கூடாது, தலையைத் தூக்கக் கூடாது, தோளிலிருந்து கையை முழுசாக நீட்டி விரல் நுனியால் குத்த வேண்டும். சுவரில் நகம் இடித்து வலித்தால் சரியாகத் தொட்டிருக்கிறேன் என்று கணக்கு.

போட்டியன்று 41 விநாடியும் கொஞ்சமும். ஆசிய விளையாட்டில் சுவரில் பொருத்திய தொடுபலகை, கை பட்டதும் நேரத்தைப் பதிகிறது. எங்களுக்கு ஸ்டாப்வாட்ச்காரரின் கட்டைவிரல்தான், அதனால் அந்தக் 'கொஞ்சத்தை' நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவதாக வந்தேன். எட்டிப் பார்க்காமல் தொட்டேன்.

பெயர் கொடுக்க நினைப்பவர்கள் வயதுச் சான்றையும் டாக்டரிடம் உடல்தகுதிச் சான்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். கடைசி நாளில் கிளினிக் வாசலில் டோக்கனோடு உட்கார்ந்தால், ஒரு நாள் பயிற்சி அங்கேயே போய்விடும்.