அடுத்த ரயிலில் வரவேண்டிய சோறு

இரண்டரை வயதாகும் என் மகள், சிங்கப்பூரின் தேக்காச் சந்தைக்குப் பெருவிரைவு ரயிலில் போய்வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் என 4 அதிகாரத்துவ மொழிகளிலும் ஒலிக்கும் அறிவிப்புகளை வாய் பிளந்து கேட்டபடி வருவாள். அதன் விளைவை வீட்டில் நாங்கள் அனுபவிக்கிறோம். குளியலறை வாசலில் கால்வைத்த என் மாமியாரை நேற்றுக் கைநீட்டித் தடுத்து, “பாட்டி, இடைவெளி இருக்கு, பாத்து வாங்க!” என்று எச்சரித்தவள், அவர் உள்ளே போனதும், “கதவு மூடுது, டிங் டிங்!” என்று அறிவித்துக் கதவையும் சாத்திவிட்டாள்.

சோறு ஊட்டுவதுதான் பெரும்பாடு. நான்காவது வாய்க்குப் பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டு, “வயிறு ஃபுல்லு, அடுத்த ரயில்ல வரச் சொல்லு” என்கிறாள். (கூட்ட நேரத்தில் அவள் அப்பா பேசுவது இது, பழி என்மேல் இல்லை.) ஐஸ்கிரீமுக்கு மட்டும் எப்படி இடம் இருக்கிறது என்று கேட்டேன்.

“அது சின்ன ஆளும்மா, மடியில உக்காந்துக்கும்.”