நாட்காட்டியில் அடித்து எழுதிய ஊர்

2022 மார்ச் 13 ஒரு ஞாயிற்றுக்கிழமை. உக்ரைனின் மேற்குப் பகுதியும் தாக்கப்படுவதால் இந்தியத் தூதரகம் தற்காலிகமாகப் போலந்துக்கு மாற்றப்படுகிறது என்ற அறிவிப்பு வந்தபோது, நான் மார்த்தாண்டத்தில் அக்காவின் வீட்டில் இருந்தேன். கார்கிவில் மருத்துவம் படித்த அவளுடைய மகன் அதற்குள் வீடு திரும்பியிருந்தான். மார்ச் 2 அன்று மாலை ஆறு மணிக்குள் நகரை விட்டு வெளியேறுங்கள், வாகனம் கிடைக்காவிட்டால் நடந்தாவது போங்கள் என்று தூதரகம் சொன்னதும், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிசோச்சினுக்கு நடந்தே போனவர்களில் அவனும் ஒருவன். கையில் கடவுச்சீட்டு மட்டும் இருந்தது. மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் பல்கலைக்கழகத்திலேயே கிடந்தன.

"எம்பசியே எறங்கிப் போச்சுன்னா, பின்னே நம்ம பிள்ளைக்க சர்டிபிகேட்டுக்கு ஆருட்ட போய்க் கேக்க?" என்றாள் அக்கா. பங்குக் கோயில் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்திருந்த உக்ரைன் தலைநகரின் பெயரான 'கீவ்' என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, போலந்தின் தலைநகரான 'வார்சா' என்று எழுதினாள்.

தூதரகம் ஓடிப்போய்விட்டது என்று அவள் நினைத்ததில் தவறில்லை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாடுகளுக்கிடையிலான தூதரக உறவுகளைப் பற்றிய 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 45-ஆவது பிரிவு, தூதரகத்தார் வெளியேறிய பின்னும், போர் நடக்கும் காலத்திலும்கூட, அந்தக் கட்டடத்தையும் ஆவணங்களையும் மதித்துக் காக்கும் கடமை தூதரகம் அமைந்திருந்த நாட்டுக்கு உண்டு என்கிறது. ஆகவே ஊர் மாறினாலும் தூதரகம் உக்ரைனுக்கான தூதரகமாகவே நீடிக்கிறது. முத்திரையும் அதை இடும் அதிகாரமும் ஆட்களோடு பயணம் செய்கின்றன.

இது புதிய வழக்கமும் அல்ல. 1941 அக்டோபரில் ஜெர்மானியப் படை மாஸ்கோவை நெருங்கியபோது, அங்கிருந்த வெளிநாட்டுத் தூதர்கள் இரவோடு இரவாக ரயிலேற்றப்பட்டு, நாட்கணக்கில் ஊர்ந்து, வோல்கா கரையிலுள்ள குய்பிஷெவ் நகரில், அதாவது இன்றைய சமாராவில், இறங்கினார்கள். ஸ்டாலின் மாஸ்கோவிலேயே தங்கிவிட்டதால், அவரைப் பார்க்க வேண்டிய தூதர்கள் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் காத்துக் கிடந்தார்கள். தற்காலிகம் என்ற அந்த ஏற்பாடு 1943 ஆகஸ்ட் வரை நீண்டது.

நம்முடைய தூதரகம் அவ்வளவு காலம் எடுக்கவில்லை. மே 17 அன்று கீவுக்குத் திரும்பியது. அக்காவிடம் சொன்னபோது அவள் நாட்காட்டியில் மார்ச் மாதத் தாளைத் தேடி எடுத்தாள். அடித்த இடத்தில் எழுத இடமில்லாததால், 'வார்சா'வுக்குக் கீழே மறுபடியும் 'கீவ்' என்று சிறிதாக எழுதினாள்.