பைந்தாலீஸும் பைன்சட்டும்

தில்லிக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முனிர்காவில் ஓர் அறை, அலுவலகம், ஞாயிற்றுக்கிழமையானால் ஆர்.கே.புரம் மலை மந்திர். அங்கே முருகனிடம் மட்டும்தான் தடங்கலில்லாமல் பேசிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் கேட்கவில்லையே தவிர, திருநெல்வேலிக்காரிக்கு இது வெளிநாடுதான்.

இந்தியில் என்னைப் படுத்தியெடுத்தவை எண்கள். தமிழில் நாற்பதும் ஐந்தும் தெரிந்தால் நாற்பத்தைந்து தானாக வந்துவிடும். இந்தியில் நூறு வரைக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நெட்டுருப் போட வேண்டும் போலிருக்கிறது. பைந்தாலீஸ் என்றால் 45, பைன்சட் என்றால் 65. உன்சாஸ் 49, உன்சட் 59. (நம் தொண்ணூறும் தொள்ளாயிரமும் ஒழுங்கா என்று கேட்டால் பதில் இல்லை.) காய்கறி வண்டிக்காரர் விலை சொன்னதும் நூறு ரூபாயை நீட்டிவிட்டு, தருகிற மீதியை எண்ணாமல் வாங்கிக்கொள்வேன். எண்ணித்தான் என்ன செய்ய?

பக்கத்து அறை அக்கா மதுரைக்காரர். தில்லிக்கு வந்து ஆறு வருடம். ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டி, "கெளம்புடி, ஒரு எடத்துக்குப் போறோம். அங்க உன் இந்தியும் செல்லாது, என் இந்தியும் செல்லாது" என்றார்.

போனது சத்ய நிகேதனுக்கு. வெங்கடேஸ்வரா கல்லூரிக்கு எதிரே மாணவர்கள் மொய்க்கிற பகுதி. அங்கே எக்கோஸ் என்று ஒரு கஃபே. பரிமாறுகிறவர்கள் காது கேளாதவர்கள். மேசையில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. தட்டினால் விளக்கு எரியும், ஆள் வருவார். மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு குறியீடு. வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். தண்ணீர், பில் போன்றவற்றுக்கு எழுதிய அட்டைகள் உண்டு, தூக்கிக் காட்டினால் போதும்.

உட்கார்ந்ததுமே பழக்கதோஷத்தில் இந்தியில் "பையா!" (அண்ணா!) என்று கூப்பிட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தது பக்கத்து மேசைக் கல்லூரிப் பெண்கள்தான். அக்கா தலையில் அடித்துக்கொண்டு சுவிட்சைக் காட்டினார்.

வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். நான் எழுதிய தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெனுவைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்துப் புருவத்தை உயர்த்தினார். குறியீட்டை மாற்றி எழுதி, ஒரே பண்டத்தில் மூன்று கேட்டிருக்கிறேன்! நான் தலையாட்டி மறுத்தேன். வேறு வரிக்கு விரல் போனது. அதுவும் இல்லை. மூன்றாவதற்கு ஆமென்று தலையசைத்தேன். இதையே இந்தியில் கேட்டிருந்தால் புரியாமலே "ஹா ஜி, ஹா ஜி" என்று சொல்லி மூன்று தட்டையும் தின்றிருப்பேன். அவர் அவசரப்படவே இல்லை. புரியாமல் விழிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவர் அல்லவா.

சாப்பாடு சுமார்தான், பாஸ்தாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றும் சொல்லலாம். கிளம்பும்போது அக்கா விரல்நுனிகளை மோவாயில் வைத்து முன்னால் நீட்டினார். நன்றி. நானும் செய்தேன். தம்பி என் கையைப் பார்த்து, இன்னும் நேராக என்று திருத்தினார்.

அன்றிரவு தேடிப் படித்தேன். இந்திய சைகைமொழிக்கான ஆராய்ச்சி, பயிற்சி மையம் இதே தில்லியில்தான் இருக்கிறதாம். அவர்கள் 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கிய அகராதி, 2021இல் 10,000 சொற்களுக்கு வளர்ந்திருக்கிறது. என் இந்தி அப்போது முந்நூறைத் தாண்டாது.

மறுநாள் காய்கறி வண்டி. வெங்காயம், தக்காளி. "பைந்தாலீஸ்" என்றாரா, "பைன்சட்" என்றாரா? இந்தமுறை நூறு ரூபாயை எடுக்கவில்லை. கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். சிரித்துக்கொண்டே 45 என்று தட்டினார். எண்ணிக் கொடுத்தேன். என் கை தானாக மோவாய்க்குப் போய் முன்னால் நீண்டது. தின்ன ஏதோ கேட்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு பிடி கொத்தமல்லியும் இரண்டு பச்சை மிளகாயும் பையில் போட்டார்.